முதல் விலை

பதுளை பஜாரில் ஒருவர் கையில் எடுத்த சாமானைத் திரும்ப வைத்துவிட்டுக் கடைப்படி இறங்கினால், அவர் போகிறார் என்று அர்த்தமில்லை. பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவரை மூன்றாவது கடை வரை நடக்கவிட்டு, "சரி வாங்க, ஒங்களுக்காகத்தான்" என்று கூப்பிட வேண்டும். அதற்கு முன் கூப்பிட்டால் நம் வயிற்றுப் பசி அவருக்குத் தெரிந்துவிடும். கூப்பிடாமலே விட்டால் நிஜமாகவே போய்விடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கு முன் படித்த பாடம் இது.

இன்ஸ்பெக்டர் ஐயா, இரகுநாதன் சேர் 'போகிறேன்' என்று எத்தனை தடவை சொன்னார் என்று நேற்றுக் கேட்டீர்கள். பல தடவை சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. அந்தச் சொல் என் காதில் எப்படி விழுந்தது என்பதை மட்டும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் பெட்டி, பை, குடை. பின்பக்கம் மூன்று கம்ப்யூட்டர் வைத்து, ஆட்கள் போன், இன்டர்நெட் எடுக்க வரும் கொமியூனிகேஷன். தொண்ணூற்றெட்டில் கொழும்பில் ஆறு மாதம் தங்கி வெப்சைட் செய்யப் படித்துக்கொண்டு வந்தேன். அப்போது ஏ.எஸ்.பி. என்ற முறைதான் பெரிய பேச்சு. பதுளையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். எல்ல என்ற ஊரில் விடுதி நடத்தும் ஸுபைரா உம்மாவுக்கு, ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு, இரண்டு துணிக்கடைகளுக்கு, இன்னும் சிலருக்குச் செய்து கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்குத்தான் கொடுத்தேன். "நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இது ஓடும்."

வாக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் துணிக்கடையை எரித்தார்கள். ஒரு குடும்பம் கலியாணச் சேலைக்குச் சொல்லி வைத்திருந்தது. அப்பா புகை நாற்றம் போகாத சட்டையோடு பண்டாரவளைக்குப் போய், அதே நிறத்தில் வாங்கி, சொன்ன நாளில் கொடுத்தார். அப்படிப்பட்ட வீடு.

இரண்டாயிரத்து ஆறில் வந்தது வினை. எங்கள் இணையத் தளங்களை வைத்திருந்த கொழும்புக் கம்பெனி, அந்தப் பழைய முறையை இனி ஓட்ட மாட்டோம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றது. போன் எடுத்தேன். ஒரு பொடியன் பேசினான்.

"அண்ணே, நீங்க மாட்டு வண்டியக் கொண்டாந்து பெற்றோல் ஷெட்ல கட்டப் பாக்குறீங்க. புதுசா எழுதுங்க, இடம் தாறோம்."

புதிதாக எழுதத் தெரியாது என்பதல்ல காரணம். தெரியாதுதான், ஆனால் அது காரணமில்லை. ஓடுகிற பொருளை ஏன் மாற்ற வேண்டும்? வேறு இடம் தேடினேன். சிங்கப்பூருக்கு எழுதினேன், இந்தியாவுக்கு எழுதினேன், அமெரிக்காவில் பெயர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் எழுதினேன். கலியாணத் தரகரைப் போல அலைந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் நல்ல பெண், அடக்கமானவள், சமைப்பாள், வயது மட்டும் கொஞ்சம் கூட. எல்லாரும் வயதைத்தான் கேட்டார்கள்.

கடைசியில் இடம் கிடைத்தது ஹாலிஎலயில். கூப்பிடு தூரத்தில்.

இரகுநாதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்தவர். காரியாலயம் கழித்துவிட்ட ஒரு பழைய சேர்வர் இயந்திரத்தை ஏலத்தில் எடுத்து வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி தவறிவிட்டார். மகள் ஆர்த்திகா யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறாள். அந்த இயந்திரம் அடிக்கடி நின்று விழும். அதை எழுப்பும் வித்தை அவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய முறையில் எழுதிய எதுவும் அதில் ஓடும். என் தளங்கள் எல்லாவற்றையும் ஒரு மாலையில் ஏற்றிவிட்டார்.

"எவ்வளவு சேர்?" என்றேன்.

"காசு வேண்டாம் தம்பி. சும்மாதானே ஓடுது."

அது எனக்கு அன்றே உறுத்தியது. விலையில்லாத பொருளை எந்த நேரமும் திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில் கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டார். "மகளுக்குக் கலியாணம் தம்பி. யுத்தத்தாலை பாதை பூட்டு, கொழும்பிலையிருந்து ப்ளேனிலைதான் போகோணும். இனி அங்கைதான் இருப்பன். நீர் வேறை இடம் பாரும்."

"வேற எடம் இருந்தா ஒங்ககிட்ட ஏன் சேர் வர்றேன்?"

"அப்ப புதுசா எழுதித் தாறன். அங்கை போய் ஆறுதலா எழுதி அனுப்பிறன். அதுக்கும் காசு வேண்டாம்."

இரண்டாவது இனாம். இனாமாகக் கொடுக்கும் ஆளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இயந்திரத்தை என் சரக்குக் கிட்டங்கியில் பொருத்திக் கொடுங்கள், நானே உங்களைக் கொழும்பு ரயில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். சம்மதித்தார். பயணப் பெட்டியோடு வந்தார்.

எங்கள் கிட்டங்கி பஜாருக்குப் பின்னால் இருக்கிறது. செத்தல் மிளகாய் மூட்டைகள், வெங்காயம், இன்டர்நெட்டுக்கு ஒரு டெலிபோன் லைன். பக்கத்துச் சுவர் பலீல் நாநாவின் அரைக்கும் மில். அங்கே பேசுவது அங்கே நிற்பவருக்கே கேட்காது. சேர் தும்மிக்கொண்டே இயந்திரத்தைப் பொருத்தினார். தளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி தம்பி, நான் வெளிக்கிடுறன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

பிறகு நடந்ததை 'அடைத்து வைத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கதவைச் சாத்தினேன்.

முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு கோபித்தார். மறுநாள் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனபோது, அமைதியாகப் பேசினார். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் பக்கத்து நியாயம் இதில்தான் இருக்கிறது.

"தம்பி, எல்லாம் எழுதித் தாறன். பாஸ்வேர்ட், விழுந்தால் எப்பிடி எழுப்பிறது, என்னென்ன பாகம் வாங்கோணும், எல்லாம். பக்கத்திலை இருந்து பழக்கியும் விடுறன். கதவைத் திறவும்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். வேறை ஒண்டும் என்னட்டை இல்லை."

நான் சிரித்துவிட்டேன். கையிலிருப்பது முழுவதையும் முதல் வாயிலேயே கொட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? முதல் விலையே இவ்வளவு இறங்கி வருகிறது என்றால், மறைத்து வைத்திருப்பது இதைவிடப் பெரிது. முதல் விலைக்குத் தலையாட்டியவன் எங்கள் பரம்பரையில் இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க சேர், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் யோசிக்கவில்லை. அதே விலையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சில நாள் கும்பிட்டுச் சொன்னார். சில நாள் அழுது சொன்னார். அழுகையும் பேரத்தில் சேர்ந்ததுதான். ஐப்பசி மழையில் குடை வாங்க வருகிறவர்கள் என்னிடம் அழாத அழுகையா?

கலியாண நாள் அவருக்கு நினைவிருந்தது. அன்று காலை முகம் மழிக்க வேண்டும் என்று கேட்டார். பிளேடு கொடுக்க முடியாது, நீங்களே யோசியுங்கள். வெந்நீர் கொடுத்தேன். பெட்டியிலிருந்து பட்டு வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு மிளகாய் மூட்டையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருப்பானா என்று கேட்டேன். வேட்டிக் கரையை நீவினார்.

கலியாணம் நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆர்த்திகா கடைக்குப் போன் எடுத்தாள். அப்பா பெட்டியோடு வந்து விடைபெற்றார், அதற்குப் பிறகு தெரியாது என்றேன். முதல் பாதி பொய்யில்லை. அந்த வருடங்களில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் காணாமல் போனால் யாரும் குடைக்கடைக்காரனை நினைப்பதில்லை. எல்லாரும் மனதுக்குள் ஆட்களைக் கடத்தும் ஒரு வெள்ளை வானை நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்கள். அவர்கள் நினைப்பை நான் திருத்தப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மில் நிற்கும். பலீல் நாநாவும் ஆட்களும் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். சேர் அந்த அமைதியைக் கண்டுபிடித்து, அந்த நேரம் பார்த்து இரும்புச் சட்டத்தால் சுவரில் இடித்திருக்கிறார். பாவம், கேட்கும் ஆட்கள் இல்லாத நேரத்தைத்தான் அமைதி என்று எண்ணிவிட்டார். ஒருநாள் நாநா கொஞ்சம் முந்தி வந்துவிட்டார்.

"என்னா தயா, கிட்டங்கிக்குள்ள என்ன வளக்குறீங்க? டொக்கு டொக்குண்டு சத்தம்."

"பெருச்சாளி நாநா. பெருசு."

"மருந்து வைங்களேன். மொளகாயத் திண்டு வளந்த பெருச்சாளி எண்டா ஒங்களையே கடிச்சுப் போடும்."

இருவரும் சிரித்தோம். அன்று மாலை மில் ஓடும்போது ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லால் சேரின் வலது கணுக்காலை உடைத்தேன். இரண்டு அடி தேவைப்பட்டது. இயந்திரத்துக்கு முன்னால் உட்காருவதற்குக் கால் வேண்டியதில்லை. கட்டுப்போடத் துணி இருக்கவில்லை, பட்டு வேட்டியைக் கிழித்தேன். நான் துணிக்கடைக்காரன் மகன். நல்ல நெசவு, சரிகையில் கலப்படம் இல்லை. கிழிக்க மனம் வரவில்லை. ஆனாலும் கிழித்தேன். நான் இரக்கமில்லாதவன் என்று எழுதுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

அதன் பிறகு ஒழுங்காகப் போனது. கீபோர்டை நான்தான் வைத்திருப்பேன். இயந்திரம் விழுந்தால் கொண்டுபோய்க் கொடுத்துப் பின்னால் நிற்பேன். அவர் எழுப்புவார். தளங்கள் ஓடின. காலையில் கடை திறந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து முகப்பைப் பார்ப்பேன், சாமிப் படத்துக்கு விளக்கேற்றுவது போல.

இரண்டாயிரத்து ஒன்பது பொங்கலுக்கு முன், ஸுபைரா உம்மாவின் தளத்தில் அறை பதிவு செய்யும் பக்கம் கோளாறு கொடுத்தது. அதைச் சேர் திருத்திக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. முதுகைத் திருப்பி நின்று பேசினேன். அதற்குள் அந்தப் பக்கத்தில் அவர் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டார். 'என் பெயர் இரகுநாதன். பதுளை பஜாருக்குப் பின்னால் மிளகாய்க் கிட்டங்கியில் பூட்டப்பட்டிருக்கிறேன். வாசிப்பவர்கள் பொலிசுக்குச் சொல்லுங்கள்.'

அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் யாரும் அறை எடுக்க முடியாது. எல்ல, வெள்ளைக்காரர்கள் மழைக்கால ஈசல் மாதிரி வரும் ஊர். அவர் காத்திருந்தார். தை போனது, மாசி போனது, பங்குனி போனது. சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் கதவைப் பார்ப்பார். உடம்பு கூடத் தேறியது. நான் சொதியில் தேங்காய்ப்பால் கூட ஊற்றுவதால் என்று நினைத்தேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு அறை விலைகளை மாற்றப் போனபோதுதான் நான் அந்த வரிகளைக் கண்டேன். வாடிக்கையாளரின் கடை முகப்புக் கண்ணாடியில் சொந்தக் கதையைக் கிறுக்கி வைப்பது என்ன மரியாதை? மூன்று மாதமாக ஸுபைரா உம்மாவின் விருந்தாளிகள் இதையா வாசித்தார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சேர் இரண்டு ஆட்காட்டி விரல்களால்தான் தட்டுவார். அந்தத் தலைமுறை அப்படித்தான். மற்ற எட்டு விரல்களும் வேலைக்குத் தேவைப்படவில்லை. மில் ஓடும் நேரத்தில், அதே படிக்கல்லால், ஒவ்வொன்றாக. இரண்டையும் காப்பாற்றுவதற்காக நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று டாக்டரின் அறிக்கையில் இருக்காது.

அவர் கத்தி முடித்த பிறகு கேட்டது இதைத்தான். "ஒருத்தரும் வாசிக்கேல்லையோ தம்பி? மூண்டு மாசம் கிடந்ததோ?"

"கெடந்துச்சு சேர்."

"ஒருத்தரும்?"

நான் சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட்டு வந்தேன்.

மே மாதம் ஒருநாள் பஜார் முழுக்க வெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்தது என்று கடைக்குக் கடை பாற்சோறு வந்தது. எனக்கு வந்ததில் பாதியை வாழையிலையில் சுற்றி அவருக்குக் கொண்டுபோனேன். நான் போவதற்குள் கரண்ட் போய் வந்து இயந்திரம் விழுந்திருந்தது. கீபோர்டைக் கொடுத்தேன். பின்னால் நின்றேன், வழக்கம் போல் படிக்கல்லோடு. எழுப்பினார். பிறகு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"இஞ்சை வாரும் தம்பி. உம்மடை சைட்டுகளுக்கு ஆர் ஆர் வந்து போயினம் எண்டு மெஷின் குறிச்சு வைக்கிற இடம் இது. போன வருசமும் இந்த வருசமும் சேத்து ஒரே ஒரு ஆள்தான் வந்து போயிருக்கு."

"யாரு?"

"நீர்தான். உம்மடை கடைக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு காலமையும் வந்து முன்பக்கத்தை மட்டும் பாத்திட்டுப் போறீர். வேறை ஒரு குருவியும் வரேல்லை. இதுக்கே தம்பி என்னை வச்சிருந்தனீர்?"

சரக்கைக் குறை சொல்லி விலையை இறக்குவது எல்லாரும் செய்வதுதான். அவர் அந்த இரண்டு விரல்களால் மெதுவாக ஏதோ தட்டினார். திரை ஒரு தடவை கறுத்து, வெள்ளையாக நாலு எழுத்துக் காட்டியது.

"முடிஞ்சுது. எல்லாத்தையும் அழிச்சாச்சு. இனி என்னை வச்சிருந்தும் உமக்கு லாபமில்லை." திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "இப்ப விடுவீர்தானே? நான் பிள்ளையிட்டைப் போறன்."

அவர் கணக்கில் பிழை இல்லை. விற்க ஒன்றும் இல்லாதவரைக் கடையில் நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். படிக்கல் கையில் இருந்தது. முதல் அடி தலையின் இடப்பக்கம் விழுந்தது. அவர் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினாலும் அந்தக் கைகளால் எதையும் பிடித்திருக்க முடியாது. மூன்றாவது அடிக்குப் பிறகு நான் எண்ணவில்லை. வெளியில் வெடிச்சத்தம் நிற்கவே இல்லை. பாற்சோறு கவிழ்ந்து வீணாகிவிட்டது. வெங்காயத் தோல் கொட்டும் குழியில்தான் இறக்கினேன், நீங்கள் தோண்டிய அதே இடம். உப்பு மூட்டை ஒன்றும் கொட்டினேன்.

தளங்கள் அன்றோடு இருண்டன. யாராவது போன் எடுத்துத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

பெட்டி மட்டும் மிஞ்சியது. எரித்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்வது சுலபம். நல்ல தோல், இரண்டு பூட்டும் வேலை செய்தன, பிடியில் ஒரு தேய்வு இல்லை. அதை எரிக்க என் கை வரவில்லை. துடைத்து மெருகேற்றிக் கடையில் வைத்தேன். ஏழு மாதம் கிடந்தது. விலை கேட்டவர்கள் எல்லாரும் பாதிக்குக் கேட்டார்கள்.

யாழ்ப்பாணப் பாதை திறந்த கையோடு, மார்கழியில், ஒரு பெண் கடைக்கு வந்தாள். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணை, அந்தப் பெட்டி என்ன விலை?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. முதல் வியாபாரம், ஆள் வெளியூர், இரண்டு மடங்கு சொன்னேன். அவள் மூடியைத் திறந்து உள்துணியைத் தடவினாள். ஓரத்தில் பழைய தையல் ஒன்று இருந்தது, பச்சை நூலில். அதில் விரல் நின்றது. மூடினாள். சொன்ன காசை எடுத்து வைத்தாள்.

"சுத்தித் தரவா தங்கச்சி?"

"வேண்டாம். அப்பிடியே தாங்கோ."

ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை ஐயா. என் வாழ்நாளில் முதல் விலைக்கே வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பழக்கத்தில் வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது கடை வந்தது. நடையை மெதுவாக்கவில்லை. நேரே உங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றாள்.

இரகுநாதன் சேரைக் கொன்றது நான்தான். பதினாறு மாதம் வைத்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் காரணம் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். என் வாடிக்கையாளர்களுக்காகத்தான் செய்தேன். அவர்கள் என்னை நம்பி இருந்தார்கள்.

நேற்று ஸுபைரா உம்மாவின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "தயா தம்பி செஞ்சு தந்த சைட்டா? அத நாங்க மறந்தே போய்ட்டோமே. எங்கட மகன் புதுசு ஒண்டு செஞ்சு நாலு வருசமாகுது. பழசு இனி வேணா தம்பி, மூடிருங்கண்டு அப்பவே கடைக்கு வந்து சொன்னேனே."

வந்தார், சொன்னார். நான் இல்லையென்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார். ஐயா, உங்களுக்குப் பஜார் பழக்கமில்லை. வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.